சுண்டுவிரல்

வேர்வையாகத்தான் இருக்கும் என்று பியூலா மறுபடியும் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். உள்ளரங்கத்துக்கு ஏசி என்று பெயர்தான், அது முதலாளிமார் சாய்ந்திருக்கிற சோபா வரிசைக்கு மேலே மட்டும் ஊதுகிறது, ஆடுகிறவர்களுக்கு விளக்கின் சூடுதான் பங்கு, முதுகில் ஓடுகிற வேர்வை இடுப்பு நாடாவைத் தாண்டிக் கீழே இறங்கத்தான் செய்யும், எல்லாருக்கும் இறங்குகிறது, இறங்கட்டும். ஆனால் வேர்வைக்கு இப்படி ஒரு கதகதப்பு உண்டா? வேர்வை வழிகிறபோதே ஆறிப்போகும். இது ஆறவில்லை. குதித்து இறங்கியபோது ஒரு முறை, பந்துக்குக் குனிந்தபோது ஒரு முறை, சூடாக எதுவோ நழுவியது, அல்லது நழுவியதாகத் தோன்றியது. இரண்டாம் நாள். அடிவயிற்றில் யாரோ ஈரத்துணி பிழிகிற இரண்டாம் நாள், தோன்றினாலும் தோன்றும், நிஜமாகவே இருந்தாலும் இருக்கும். எதிர்ப்பக்கத்துக்காரி பந்தைத் தரையில் தட்டித் தட்டி சர்வீஸுக்கு நேரம் எடுத்துக்கொண்டிருந்தாள். வாலிபால் லீக் அரையிறுதி, ஆளுக்கொரு செட் எடுத்தாயிற்று, மூன்றாவது நடக்கிறது, இதை விட்டால் அடுத்ததில் மூச்சு வாங்கும். இந்த நேரத்தில் அணியின் செட்டர், எந்தப் பந்து யார் கைக்குப் போக வேண்டும் என்று கண்ணிமைப்பதற்குள் முடிவு கட்டி மேலே தூக்கிக் கொடுக்க வேண்டியவள், தன் பின்பக்கத்தைப் பற்றி மட்டும் யோசித்துக்கொண்டு நிற்கிறாள். திரும்பிப் பார்க்க முடியாது. கழுத்து அவ்வளவு தூரம் திரும்பாது, திரும்பினாலும் கேமரா முந்திக்கொள்ளும்.

போன வருஷம் வரைக்கும் கருநீலம். கருநீலத்தில் எது பட்டாலும் தெரியாது, அந்த நிறத்தின் அருமை அப்போது தெரியவில்லை. இந்த வருஷம் ஒரு நெய் கம்பெனி விளம்பரம் கொடுக்க வந்தது, வந்ததோடு நில்லாமல் உருக்கின நெய்யின் நிறத்தில் ஷார்ட்ஸும் தைத்துக்கொண்டு வந்தது. "டிவியில பளிச்சுனு நிக்கும்மா" என்று அணியின் முதலாளி அதை உயர்த்திக் காட்டியபோது வரிசையில் நின்ற பெண்களில் ஒருத்தியும் வாய் திறக்கவில்லை. உடை மாற்றும் அறைக்குள் வந்த பிறகுதான் இசக்கி அதை இரண்டு விரலால் செத்த எலியைத் தூக்குகிற மாதிரி தூக்கிப் பிடித்தாள். "ஏட்டி, இதப் போட்டுக்கிட்டு மாசத்துல அஞ்சு நாளு என்னட்டி செய்ய? அந்தாளு பொண்டாட்டிய ஒரு நாளு போட்டு ஓடச் சொல்லு பாப்போம்." எல்லாரும் சிரித்தார்கள், சிரித்துவிட்டுப் போட்டுக்கொண்டார்கள். கோச் தங்கதுரை சாரிடம் போய்ச் சொன்னதற்கு, வேற கலரு கேட்டுப் பாக்கேன்மா என்றார். கேட்கவில்லை. கேட்டால் ஏன் என்று கேட்பார்கள், ஏன் என்று கேட்டால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும், அவர் வாயிலிருந்து அந்தச் சொல் எந்தக் காலத்திலும் வராது. நல்ல மனுஷன். இரண்டு பெண் பிள்ளைகளைப் பெற்றவர். அந்த நல்லதனத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்றுதான் பியூலாவுக்கு விளங்கவில்லை.

விசில் ஊதியது. பந்து வலையை உரசிக்கொண்டு வந்தது. பின்வரிசையில் விழுகிற பந்தையெல்லாம் தரையில் புரண்டாவது எடுக்கிற லிபரோ இசக்கிதான், அவள் அதை அழகாக வாங்கி வலைக்குப் பக்கத்தில் ஏற்றிக் கொடுத்தாள். எம்பிக் குதித்து எடுக்க வேண்டிய பந்து. பியூலா குதிக்கவில்லை. காலை ஒட்டி வைத்துக்கொண்டு நின்ற இடத்திலிருந்தே விரல் நுனியால் தள்ளிவிட்டாள், பந்து தாழ்ந்து போனது, அடிக்க ஓடி வந்தவள் அதைத் துரத்திப் பிடித்து எப்படியோ அந்தப் பக்கம் தட்டிவிட்டாள், எதிராளிகளும் அதைச் சொதப்பி வெளியே அடித்தார்கள். பாயிண்ட். தப்பித்தது. எல்லாரும் ஓடி வந்து கையைத் தட்டிக்கொண்டார்கள், இசக்கி தோளில் ஒரு குத்து விட்டுவிட்டு, கண்ணை மட்டும் கொஞ்சம் சுருக்கி என்னட்டி என்று கேட்பது மாதிரி பார்த்தாள். அந்தப் பார்வைக்குப் பதில் சொல்ல ஒரு வழி இருந்தது. பதினான்கு வயதிலிருந்து இருந்தது. இப்போது இல்லை.

விளையாட்டு விடுதியில் இசக்கி கீழ்க்கட்டில், இவள் மேல்கட்டில். அந்த விடுதிப் பெண்களுக்குள் ஒரு சைகை இருந்தது. யார் ஆரம்பித்தது என்று தெரியாது, இவர்கள் போய்ச் சேரும்போதே இருந்தது. ஆட்டத்தின் நடுவே சந்தேகம் வந்தால் கையைப் பின்னால் கொண்டுபோய், இடுப்புக்குக் கீழே சுண்டுவிரலை மட்டும் நீட்டி இரண்டு முறை மடக்க வேண்டும். கறை தெரியுதா பாரு என்று அர்த்தம். பின்னால் நிற்கிறவள் பார்ப்பாள். ஒன்றுமில்லை என்றால் "நல்ல பால், நல்ல பால்!" என்று கத்துவாள். பட்டிருந்தால் "கவர், கவர்!" என்பாள். வாலிபால் கோர்ட்டில் இந்த இரண்டு கூச்சலும் ஓயாமல் கேட்கிறவை, கவர் என்றால் அடிக்கிறவளுக்குப் பின்னால் போய்க் காவல் நில் என்று பொருள், ஆகவே எந்த மாஸ்டருக்கும் எந்தச் சந்தேகமும் வந்ததில்லை. அது மட்டுமா, ஒரு மாஸ்டர் எல்லாரையும் நிற்கவைத்து, பந்தே இல்லாத நேரத்திலும் இசக்கி கத்துறா பாருங்க, கோர்ட்டுல இப்படித்தான் பேச்சு இருக்கணும் என்று பாராட்டினார். இரவு விளக்கணைத்த பிறகு கீழ்க்கட்டிலிலிருந்து சிரிப்பு கிளம்பி விடுதி முழுக்கப் பரவியது. அப்பேர்ப்பட்ட சைகை. பத்துப் பன்னிரண்டு வருஷம் எந்த ஆண் கண்ணிலும் படாமல் அவர்களைக் காப்பாற்றி வந்த சைகை. அது இன்றைக்கு நாடு பூராவும் ஆடுகிற டான்ஸ்.

சீசனின் ஆரம்பத்தில் ஏதோ ஒரு சாதாரண ஆட்டம். எல்லைக் கோட்டுக்குப் பின்னால் தரையோடு தரையாகப் படுத்துக்கொண்டு எவனோ ஒருவன் படம் பிடித்திருக்கிறான். வலையைப் பார்த்து நிற்கிற அவளுடைய முதுகு, முதுகுக்குக் கீழே கை, கையில் சுண்டுவிரல், அது மெதுவாக, அவன் அதை மெதுவாக்கியிருந்தான், வெண்ணெயில் கத்தி இறங்குகிற மெதுவில், ஒரு முறை மடங்கி நிமிர்ந்து மறுமுறை மடங்கியது. பின்னால் ஒரு காதல் பாட்டு. 'யாருக்கு அந்த சிக்னல்?' என்று மேலே எழுத்து. ஒரு வாரத்தில் பார்த்தவர்கள் எண்ணிக்கை கோடியைத் தாண்டிவிட்டது. அன்றைக்கு காலரியில் ஆண்கள் அணிக்காரன் ஒருவன், இடதுகைக்காரன், சும்மா வந்து உட்கார்ந்திருந்தானாம், அவனுக்குத்தானாம். இவளுக்கு அவன் முகம்கூடச் சரியாகத் தெரியாது. அவனுடைய ரசிகைகள் வந்து இவளைத் திட்டினார்கள், இவளுடைய ரசிகர்கள் போய் அவர்களைத் திட்டினார்கள், இவளுக்கு ரசிகர்கள் இருக்கிறார்கள் என்பதே அப்போதுதான் தெரிந்தது, இத்தனை வருஷமாக இந்தக் கை எத்தனையோ ஆயிரம் பந்துகளைத் தூக்கிக் கொடுத்திருக்கிறது, அதில் ஒரு பந்தைக்கூடப் பார்த்திராத ரசிகர்கள். பிறகு யாரோ ஒரு பெண் அந்தப் பாட்டுக்கு, இடுப்பை ஒடித்து, கையைப் பின்னால் வைத்துச் சுண்டுவிரலை மடக்கி ஆடினாள். அவ்வளவுதான். கல்லூரி வாசலில் ஆடினார்கள், கல்யாண மண்டபத்தில் மாப்பிள்ளையும் பெண்ணும் ஆடினார்கள், ஒரு ஜவுளிக்கடைத் திறப்பு விழாவில் கடைக்காரரும் அவர் சம்பந்தியும் ஆடினார்கள். கறை தெரியுதா பாரு, கறை தெரியுதா பாரு என்று அத்தனை பேரும் அத்தனை பேரையும் கேட்டுக்கொண்டு ஆடினார்கள். முதல் தடவை இசக்கி இதைச் சொல்லிக் கட்டிலில் உருண்டு சிரித்தாள். இவளும் சிரித்தாள். அடுத்த தடவை சிரிப்பு வரவில்லை.

ஊருக்குப் போயிருந்தபோது கோயிலில் அசனம், சபையார் எல்லாரும் கூடிச் சாப்பிடுகிற விருந்து. பந்தியில் இவளும் சாம்பார் வாளியைத் தூக்கிக்கொண்டு போனாள், வழக்கமாகச் செய்கிற வேலைதான். வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருத்தர், அப்பாவின் வயது இருக்கும், ஞாயிறு தவறாமல் முன் பெஞ்சில் உட்கார்கிறவர், பிசைந்த கையை இலைக்கு மேலே உயர்த்தி, கறிச் சாம்பார் வழிகிற சுண்டுவிரலை, அதில் ஒட்டியிருந்த இரண்டு பருக்கைச் சோற்றோடு, அவள் முகத்துக்கு நேரே இரண்டு முறை மடக்கிக் காட்டினார். பக்கத்து இலைக்காரர்கள் சிரித்தார்கள். "எம்மா பியூலா, நம்ம ஊரு பேரக் காப்பாத்திட்ட" என்றார். அந்தப் பருக்கை. அதுதான் போகமாட்டேன் என்கிறது. போனில் இன்பாக்ஸுக்குள் வந்து விழுந்த ஆயிரம் அசிங்கமான செய்திகளில் பாதியைப் படிக்காமலே அழித்தாயிற்று, அதில் ஒருவன் தன் சுண்டுவிரலுக்குச் சாயம் பூசி அனுப்பியிருந்தான், ஒருவன் பெயருக்கு முன்னால் டாக்டர் என்று போட்டிருந்தான், அந்த டாக்டர் எழுதியதைப் படித்துவிட்டுக் கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாள், கையில் என்ன ஒட்டியிருந்தது என்று கழுவினாளோ. அதெல்லாம்கூட மங்கிவிட்டது. அந்த இரண்டு பருக்கை மட்டும் சோற்றைக் கண்டால் வருகிறது. ரயிலில் ஒரு தகப்பன் தன் பிள்ளையின் விரலைப் பிடித்து மடக்கி, அக்காவுக்குக் காட்டு பாப்பா, காட்டு என்றபோதும் அதுதான் வந்தது. அந்தப் பிள்ளை காட்டியது. பால் பல் தெரியச் சிரித்துக்கொண்டே காட்டியது. அதனிடம் கோபப்பட முடியாது. போட்டோவுக்கு நின்றாள், சிரித்தாள், அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் வாஷ்பேசின் பக்கமே நின்றுகொண்டு வந்தாள்.

இப்போது இவர்கள் பக்க சர்வீஸ். பியூலா வலைக்கு முன்னால், முதுகை அந்தக் கேமராவுக்குக் காட்டிக்கொண்டு நிற்க வேண்டிய நேரம். ஆட்டத்துக்கான மற்ற சைகைகளையெல்லாம் தன் அணிப் பக்கம் திரும்பி நெஞ்சுக்கு முன்னால் காட்டப் பழகிவிட்டாள், அவற்றுக்கு வேறு இடம் கிடைத்தது. இந்த ஒரு கேள்விக்கு வேறு இடம் கிடைக்கவில்லை. புதுசா ஒண்ணு வச்சுக்கிடுவோம்ட்டி என்று இசக்கி சொன்னாள். எதை வைத்துக்கொள்வது? ஒரு நாள் பியூலா காதைச் சொறிந்தாள், மறுநாள் அது இணையத்தில் வந்துவிட்டது, 'காது சிக்னல்' என்று. விரல் கேமராவுக்குச் சொந்தமாகிவிட்டது. பக்கத்தில் போய்க் காதோடு கேட்கலாம் என்றால், காலரில் மைக். அரையிறுதிக்கென்று சேனல்காரர்கள் கொண்டுவந்த புதுமை. பட்டாணி அளவு மைக் ஒன்று சட்டைக் கழுத்தில், பெட்டி ஒன்று முதுகுத் தையலுக்குள். ஆட்டம் முழுக்க அவள் பேசுவது டிவியில் போகும், டைம் அவுட்டில் அரங்கத்தின் பெரிய ஸ்பீக்கரிலும் விடுவார்கள், வந்திருப்பவர்களுக்கு அவள் குரல் வேண்டுமாம். அணியின் இணையப் பக்கங்களைப் பார்த்துக்கொள்கிற ஜெய்தீப்தான் ஏற்பாடு. எப்போதும் வாசனையாக இருக்கிற, ஒரு முறைகூடக் குரலை உயர்த்தாத ஆள். "பியூ, நேச்சுரலா இருங்க. சும்மா க்யூட்டா எதாச்சும் பேசிட்டே இருங்க, மத்தத நாங்க பார்த்துக்கறோம்" என்றான். பியூ. பெற்ற தாய் அப்படிக் கூப்பிட்டதில்லை. இரண்டாவது செட் முடிந்ததும் அவள் நேரே உடை மாற்றும் அறைக்குத்தான் ஓடினாள், பையில் மாற்றுப் பேட் எடுத்து மேலாகவே வைத்திருந்தாள், கதவுக்கு நான்கு எட்டு இருக்கும்போது அவன் கேமராக்காரனோடு குறுக்கே வந்துவிட்டான். பத்தே செகண்ட் பைட், பியூ, லைவ் போயிட்டிருக்கு, சிரிங்க. பத்து செகண்ட் பேசி முடிப்பதற்குள் ஒரு நிமிஷம் போனது, இன்னொரு கேள்வி என்றான், நடுவர் கூப்பிட்டுவிட்டார். அந்தச் சிரிப்போடு, மாற்றாத பேட்டோடு, திரும்ப வந்து நின்றாள். அவளை எல்லாருக்கும் பிடித்திருக்கிறதாம். பிடித்திருக்கிறது என்பதற்காக ஒரு மனுஷி கக்கூஸுக்குப் போகக்கூடாது.

சர்வீஸ் போனது, எதிராளி எடுத்தார்கள், அடித்தார்கள், இசக்கி பாய்ந்து விழுந்து எடுத்தாள், அவளுடைய முழங்கை தரையில் உரசிய சத்தம் கேட்டது, பந்து கோணலாக மேலே போனது, பியூலா ஓடினாள், ஓடும்போது அதே கதகதப்பு, இந்த முறை தொடையின் உள்பக்கம் வரைக்கும், குதி, குதிக்க வேண்டும், குதித்து இறங்கினால் இன்னும் வரும், குனியாமல் கைகளை மட்டும் உயர்த்தினாள், பந்து விரல்களுக்கு நடுவே வழுக்கி வலையில் விழுந்தது. பாயிண்ட் போயிற்று. "ஜம்ப் பண்ணும்மா! ஏன் நின்னுக்கிட்டே ஆடற?" என்று தங்கதுரை சார் வெளியேயிருந்து கத்தினார். காலரிக்கு அதெல்லாம் ஒரு பொருட்டா, அவர்கள் பந்தைப் பார்க்கவா வந்தார்கள். அவள் தோற்றாலும் ஜெயித்தாலும் கத்துகிறார்கள். முன்பெல்லாம் காலரியில் முப்பது பேர் இருப்பார்கள், பாதிப் பேர் சொந்தக்காரர்கள், ஆனால் ஒரு நல்ல பந்தைத் தூக்கிக் கொடுத்தால் அந்த முப்பது பேரில் ஒருத்தராவது ஆகா என்பார். இப்போது உட்கார இடமில்லை. ஆகாவும் இல்லை.

இதில் தன்னையும் சேர்த்துத்தான் அருவருக்க வேண்டும், அதை மறைத்து என்ன. முதல் இரண்டு நாள் பிடித்திருந்தது. நன்றாகவே பிடித்திருந்தது. எண்ணிக்கை ஏற ஏற நெஞ்சில் வெல்லம் கரைந்தது, காலையில் எழுந்ததும் போனைத்தான் தேடினாள், கருத்துகளைக் கீழே கீழே தள்ளிக்கொண்டு போய், நல்லதாக ஒன்று கிடைத்தால் அதை இரண்டாவது தடவை படித்தாள். மூன்றாம் நாள் அது வேறு மாதிரி வந்தது. அதே படத்தை எவனோ பெரிதாக்கி, சிவப்பில் வட்டம் போட்டு, அம்புக்குறி போட்டிருந்தான். விரலைக் காட்டுவதற்காம். அப்போதுதான் அந்தப் பயம் வந்தது, கறையும் படத்தில் விழுந்திருக்குமோ என்று. அன்றைக்கு இசக்கி "நல்ல பால்" என்றுதான் கத்தினாள், நன்றாக நினைவிருக்கிறது. ஆனால் இசக்கி சரியாகப் பார்த்தாளா? கதவைத் தாழிட்டுக்கொண்டு பியூலா அந்தப் படத்தை இரண்டு விரலால் விரித்தாள். இன்னும் விரித்தாள். துணியின் மடிப்பில் ஒரு நிழல் இருந்தது, நிழல்தானா? நிறுத்தி, பின்னால் ஓட்டி, மறுபடி நிறுத்தி, வெளிச்சத்தைக் கூட்டி, கண்ணை ஒட்டவைத்துக்கொண்டு, தன்னுடைய பின்பக்கத்தைத் தானே எவ்வளவு நேரம் பார்த்தாள் என்று அவளுக்கே தெரியாது. அவர்கள் எதைப் பார்க்கிறார்களோ அதே இடத்தை, அவர்கள் பார்க்கிற அதே மாதிரி, அவர்களைவிடக் கவனமாக. கோடியில் ஒரு நூறாவது அவளுடையதாக இருக்கும். போனைக் கீழே வைத்தபோது கட்டைவிரல் சூடாக இருந்தது.

அம்மாவிடமாவது சொல்லியிருக்கலாம். அம்மாவுக்குச் சொன்னால் ஒரு வினாடியில் புரியும், உப்பளத்தில் வரப்பு ஏறி இறங்கி வேலை செய்தவள், அங்கே பெண்களுக்கு மறைப்பு ஏது, அவர்களிடமும் இப்படி ஏதாவது ஒரு சைகை இருந்திருக்கும். ஆனால் அம்மா கூப்பிட்டபோது போன் ஸ்பீக்கரில் இருந்தது, பின்னால் அண்ணன் இருமுவது கேட்டது, மச்சான் டிவியைக் குறைப்பது கேட்டது. "யாருட்டி அந்தப் பய? ஊரெல்லாம் கேக்காவோ, நான் என்னன்னு சொல்ல?" என்றாள் அம்மா. யாருமில்லம்மா. "பின்ன எதுக்குட்டி விரல ஆட்டுன?" அண்ணன் இருக்கிறான், மச்சான் இருக்கிறார், அந்தச் சொல்லைச் சொல்லக்கூடாது. ஏன் கூடாது? இவளைத் தூக்கி வளர்த்த அண்ணன். அந்த மச்சானுக்கு இரண்டு குழந்தைகள், அவை ஆகாயத்திலிருந்தா வந்தன? ஆனாலும் வாய் வரவில்லை. "சும்மா அரிச்சுதும்மா" என்றாள். அந்தப் பக்கம் அண்ணன், சரி சரி வையிங்க என்றான். அரித்தது. இருப்பதிலேயே கேவலமான பதிலைத் தேடி எடுத்துச் சொல்லியிருக்கிறாள். காதலன் இருக்கிறான் என்று சொல்லியிருந்தால்கூட மரியாதையாக இருந்திருக்கும். தங்கதுரை சாருக்கு வராத சொல் அவளுக்கு மட்டும் வந்துவிட்டதா என்ன.

மறுபடியும் ஒரு பாயிண்ட் போயிற்று, அதற்கடுத்ததும் போயிற்று. இரண்டு பந்தும் அவளால்தான் கெட்டன. முதலாவது தாழ்ந்து போனது, இரண்டாவதற்கு ஓடவே இல்லை. இசக்கி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு அவளையே பார்த்தாள். இசக்கிக்கு இது கடைசி வருஷம், முழங்கால் இரண்டும் போய்விட்டது, ஒரு கோப்பையாவது தொட்டுட்டுப் போறேம்ட்டி என்று சீசன் ஆரம்பத்திலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாள். அவள் விழுந்து புரண்டு எடுத்துக் கொடுத்த பந்துகளை இவள் காலை ஒட்டிவைத்துக்கொண்டு வீணாக்குகிறாள். ஒரு துணியின் நிறத்துக்காக. நெய்யின் நிறத்துக்காக. ஒன்றுமே இல்லாமல், வெறும் வேர்வைக்காகவே இத்தனையும் நடந்துகொண்டிருக்கலாம் என்று நினைத்தபோது அழுகை வந்தது. தெரிந்தால் போதும். இருக்கிறது என்றாலும் போதும், இல்லை என்றாலும் போதும், தெரியாமல் குதிக்க முடியவில்லை.

தங்கதுரை சார் டைம் அவுட் கேட்டார். எல்லாரும் போய் அவரைச் சுற்றி நின்றார்கள். நீளக் கழியில் தொங்குகிற கேமரா ஒன்று தலைகளுக்கு மேலே வந்து இறங்கியது. அரங்கத்தில் அந்தப் பாட்டைப் போட்டுவிட்டார்கள். காலரி முழுக்க எழுந்து நின்றுகொண்டு, கையைப் பின்னால் வைத்துத் திரும்பிக் காட்டுகிறவர்களும் முன்னால் நீட்டிக் காட்டுகிறவர்களுமாக, சுண்டுவிரலை மடக்கி மடக்கி நிமிர்த்தினார்கள். "என்னம்மா ஆச்சு? காலு எதும் பிடிச்சிருக்கா?" என்றார் சார். பிடித்திருக்கிறது என்று சொல்லலாம். பொய்யை அவரே தட்டில் வைத்து நீட்டிவிட்டார். கேமராவுக்குப் பின்னால் ஜெய்தீப் இரண்டு விரலால் உதட்டோரங்களை இழுத்துக் காட்டினான், சிரிக்கணுமாம். அவனுக்குப் பின்னால் முதல் வரிசையில் ஒரு மனிதர் நின்றார். ஐம்பது வயது இருக்கும், இஸ்திரி போட்ட சட்டை, பாக்கெட்டில் கண்ணாடிக்கூடு, யார் வீட்டுக் கல்யாணத்திலும் முன்னால் உட்காரவைக்கிற மாதிரி முகம். ஒரு கையில் போனைப் பிடித்துக்கொண்டு மறுகையின் சுண்டுவிரலை அவளைப் பார்த்து இரண்டு முறை மடக்கினார். நிறுத்தி, மறுபடி இரண்டு முறை. கறை தெரியுதா பாரு. கறை தெரியுதா பாரு. அவ்வளவு ஆசையாகக் கேட்டார். எல்லாருமே கேட்டார்கள். பியூலாவுக்கு வந்த அருவருப்பு கோபமாகத் திரும்பியது. இத்தனை பேர் கேட்கிறார்களே, பதில் தெரிய வேண்டாமா அவர்களுக்கு.

"இசக்கி" என்றாள். அவளுடைய குரல் ஒரு நொடி தள்ளிக் கூரையிலிருந்தும் கேட்டது. "ஏட்டி, எனக்கு இன்னைக்கு ரெண்டாம் நாளு. பின்னாடி ரத்தக் கறை பட்டிருக்கா பாரு."

தங்கதுரை சார் கையிலிருந்த பலகையைப் பார்த்தார். அதில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. இசக்கி அவள் முகத்தை ஒரு தடவையும் காலரில் இருந்த மைக்கை ஒரு தடவையும் பார்த்தாள். பிறகு எந்த அவசரமும் இல்லாமல் அவளுக்குப் பின்னால் போய், முழங்காலில் கையை ஊன்றிக் குனிந்து, கடையில் துணி பார்க்கிறவள் மாதிரி நிதானமாகப் பார்த்தாள்.

"பட்டிருக்குட்டி" என்றாள், நிமிர்ந்து, மைக்குக்குக் கேட்கும்படியாகவே. "ஒரு ரூவா அகலத்துக்கு."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான். இனிமேலாச்சும் குதிட்டி, மூதி."

ஜெய்தீப் கழுத்தில் கையை வைத்து வெட்டு வெட்டு என்று யாருக்கோ காட்டிக்கொண்டிருந்தான். பாட்டு பாதியில் நின்றுபோயிற்று. பியூலா நிமிர்ந்து முதல் வரிசையைப் பார்த்தாள். கண்ணாடிக்கூடு வைத்திருந்த மனிதரின் விரல் இன்னும் நீட்டினபடியே இருந்தது. அவர் முகம் மெல்லக் கோணிக்கொண்டு போனது, மூக்கு சுருங்கியது, சீ என்றாரோ என்னவோ, உதடு அப்படித்தான் அசைந்தது. குனிந்து அந்த விரலைப் பார்த்தார். பார்த்துவிட்டு அதைப் பேன்ட்டில் துடைத்துக்கொண்டார்.